இறக்க மட்டும் அனுமதி

மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.

"காப்பி ஆறுது" என்றாள் சலேத்.

பெர்க்மான்ஸ் சன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தான். அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தாள். பதினொரு விநாடி கழித்து அவன் திரும்பினான்.

"குடு."

காப்பி மேல் ஆடை படிந்திருந்தது. அவள் விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் கொடுத்தாள். அவன் இடது கையால் வாங்கிக்கொண்டான்.

ஒரு வருடமாக இப்படித்தான். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் இருந்தபோது மூளையில் ரத்தக் குழாய் அடைத்தது. வலது கை விளங்காமல் போயிற்று. அதைவிட மோசமாக, ஓசைகளைப் பிரித்துக் கேட்கும் இடம் போயிற்று. மனைவியின் பேச்சு, மின்விசிறி, தெருவில் ஆட்டோ, எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கனத்தோடு தலைக்குள் விழுந்தன. காதைப் பொத்திக்கொண்டு அலறினான். மருத்துவமனையில் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு மின்னணுச் சில்லு வைத்தார்கள். அதன் பிறகு ஓசைகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக உள்ளே போயின.

அலறல் நின்றது. வரிசையில் தன் இடம் எது என்பது சலேத்துக்குத் தெரியவில்லை. பின்னால் என்பது மட்டும் தெரிந்தது. தெருமுனையில் மீன்காரி "சாளே, சாளே" என்றால் அவன் தலை திரும்பும். கோயில் மணிக்குத் திரும்பும். தினமும் காலையில் தண்ணீர் லாரி சந்துக்குள் பின்னோக்கி வரும். கிளீனர் பின்னால் நின்று, "வா, வா, வா, ஸ்டாப்" என்பான். இட்லியை வாய்க்குக் கொண்டுபோன பெர்க்மான்ஸின் கை அந்தரத்தில் நிற்கும்.

"லாரிக்காரனுக்கு உள்ள மரியாத எனக்கு இல்ல" என்பாள் சலேத். அது அவனிடம் போய்ச் சேரப் பதினொரு விநாடி ஆகும். அப்போது அவன் சிரிப்பான். அவள் அடுப்படிக்குப் போயிருப்பாள்.

மருத்துவமனையிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறவன் நூகு. நாற்பது வயது. சில்லைச் சரிபார்ப்பது அவன் வேலை. சீப்பு போன்ற ஒரு கருவியைப் பெர்க்மான்ஸின் காதருகே பிடித்தான். மடியிலிருந்த டேப்லெட் திரையில் ஒரு பட்டியல் வந்தது.

"எனக்குக் காட்டு தம்பி."

"வெறும் நம்பர்க்கா."

"நம்பர் எனக்கும் வாசிக்கத் தெரியும்."

நூகு திருப்பிக் காட்டினான்.

"ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு நம்பர். மைனஸ் இருபதுலேருந்து பத்தொம்பது வரைக்கும். நம்பர் குறைஞ்சா முன்னாடி. கூடுனா பின்னாடி."

"நான் எங்க?"

அவன் விரல் கீழே போயிற்று. கோயில் மணி, மைனஸ் நான்கு. மீன்காரி, இரண்டு. பக்கத்து வீட்டு டிவி, ஆறு. மிக்ஸி, ஒன்பது. மனைவி, பதினான்கு.

"மிக்ஸிக்குப் பின்னாடியா நான்?"

"மிக்ஸி ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம்தான பேசுது."

சலேத் சிரிக்கவில்லை. நூகு தொண்டையைச் செருமினான்.

"கோவிக்காதீங்க. எப்பவும் பேசுற குரலை சிப்பு கொஞ்சம் கொஞ்சமாக் கீழ தள்ளும். இல்லன்னா அந்த ஒரு குரலே முழு நேரத்தையும் எடுத்துக்கிடும். எப்பவாவது வந்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போற குரலை மேல ஏத்தும். நீங்க காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் பேசுதீங்க. மாத்திர, குளி, சாப்பிடு, படு."

"நான் பேசாம வேற யாரு பேசுவா?"

"அதத்தான் சொல்லுதேன்."

"என்னைய மேல ஏத்தி விடு."

"என்னால முடியாது. டாக்டர் குழு கூடி முடிவு பண்ணணும். ஆறு மாசம் ஆகும். ஒங்க போன்ல இருக்க ஆப்ல ஒண்ணு செய்யலாம். எந்தக் குரலையும் இறக்கலாம். ஏத்த முடியாது. இறக்குனத திருப்பி ஏத்தவும் முடியாது."

"இது என்ன நியாயம்?"

"ஏத்த விட்டா வீட்ல எல்லாரும் தன்னையத்தான் முதல்ல வச்சிக்கிடுவாங்க. விட்டுக் குடுக்குறதுக்கு யாரு அனுமதியும் வேணாம்க்கா. முந்துறதுக்குத்தான் வேணும்."

அவள் பட்டியலின் மேல் பக்கத்தைப் பார்த்தாள். மணிக்கும் மேலே இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி மைனஸ் இருபது. பக்கத்தில் ஒரு பூட்டுப் படம்.

"இது யாரு?"

"இது ஆளு இல்ல. ஒரு சொல்லு. யாரு வாயிலேருந்து வந்தாலும் நேரா உள்ள போயிரும். சில பேரு மூளைல அப்படி ஒண்ணு ஊறிப்போய்க் கெடக்கும். என்ன சொல்லுன்னு சிப்புக்குத் தெரியாது. சத்தத்த அது சேத்து வைக்காது."

"எம் பேரா இருக்குமோ?"

"சொல்லிப் பாருங்க."

அவள் கணவனுக்கு முன்னால் போய் நின்றாள். "சலேத்" என்றாள்.

இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பதினொன்று. பெர்க்மான்ஸ், "என்ன?" என்றான்.

நூகு கருவியைப் பையில் வைத்தான். அவள் இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். மைனஸ் பதினேழு. 'குரல் 7' என்று மட்டும் இருந்தது.

"இது ஆளா?"

"ஆளுதான். பொம்பளக் குரல்."

"எப்பப் பேசுச்சு?"

அவன் டேப்பைத் தடவினான். "ஞாயிறு. அதுக்கு முன்னாடி ஞாயிறு. அதுக்கும் முன்னாடி..." நிறுத்தினான். "காலைல ஏழரைக்கு மேல. இருபது நிமிஷம். டிவியா இருக்கும்க்கா."

"ஏழரைக்கு நான் பூசைல இருப்பேன்."

"அதான், டிவி" என்றான் நூகு.

அவளுக்கு ஒரு பெயர் தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும். பெர்க்மான்ஸ் வாக்கி டாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போடுவான். அணைக்க மறந்துபோனால் அதிலிருந்து ஒரு பெண் குரல் வரும். தூக்கு. மெல்ல. இறக்கு. குளித்துக்கொண்டிருந்தாலும் அவன் உடம்பு ஒரு கணம் அசையாமல் நிற்கும்.

"யாரு அது?"

"சிக்னல்."

"சிக்னலுக்குப் பேரு இல்லியா?"

"தமயந்தி."

அவன் மேலே கூண்டில் இருப்பான். அவள் கீழே தளத்தில் இருப்பாள். கிரேன் தூக்கும் பெட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவள் சொல்வதுதான் அவனுக்குக் கண். அவ்வளவுதான் என்றான் அவன். அவ்வளவுதானா என்று சலேத் அப்போது கேட்கவில்லை.

மருத்துவமனைக்குத் துறைமுகத்து ஆட்கள் பழத்தோடு வந்தபோது வராந்தாவிலேயே நிறுத்தினாள். ரெட்டை ஷிப்ட் பார்க்க வைத்து அவனைத் தின்றவர்கள் அவர்கள் என்றாள். "உங்க ஆளு ஒருத்தரும் என் வாசல்ல கால் வைக்கக் கூடாது." பின்வரிசையில் ஒருத்தி கையில் பழமில்லாமல் நின்றிருந்தாள்.

தன் எண் முன்னால் வருமா என்று பார்க்க சலேத் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். சாப்பாட்டைத் தட்டிக் காட்டினாள். எண் பதின்மூன்று ஆயிற்று. மூன்றாம் நாள் குளியலறையில் அவன் கால் வழுக்கியது. "பாத்து, பாத்து, பாத்து" என்று கத்தினாள். அன்று மாலையே பதினான்கு.

அதன் பிறகுதான் மற்றவற்றை இறக்கத் தொடங்கினாள். முதலில் மிக்ஸி. ஆப் கேட்டது: இறக்கிய பின் ஏற்ற முடியாது, உறுதியா? உறுதி. பத்தொன்பது. பிறகு பக்கத்து வீட்டு டிவி. பிறகு மீன்காரி. அவன் பதினொரு விநாடிக்குப் பதில் ஒன்பதில் திரும்பினான். மறுநாள் மீன்காரி வாசலில் நின்று கேட்டாள். "அண்ணன் ஏன் இப்பல்லாம் என்னையப் பாக்க மாட்டேங்காவ? நெத்திலி புடிக்கலியா?"

"நெத்திலி புடிக்கும்" என்றாள் சலேத்.

கோயில் மணியில் கொஞ்சம் தயங்கினாள். சிலுவை போட்டுக்கொண்டு அதையும், மிச்சமிருந்த மின்விசிறி, ஆட்டோ ஓசைகளையும் இறக்கினாள்.

ஞாயிறு காலை பிரசங்கத்தின் நடுவில் எழுந்து வந்தாள். வீட்டு வாசலில் யாருடையதோ செருப்பு கிடந்தது. சன்னல் பாதி திறந்திருந்தது.

ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலை. ஒப்பனை இல்லை. கையில் எதுவும் இல்லை.

"பெர்க்மான்ஸ்" என்றாள்.

"சொல்லு" என்றான் அவன்.

இடையில் ஒரு விநாடி கூட இல்லை. சலேத் சன்னல் ஓரமாக நகர்ந்தாள். அவன் முகம் அவளுக்குத் தெரிந்தது. உடம்பு அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. கூண்டிலிருந்து கீழே பார்க்கும் முகம் அது. ஒரு வருடமாக வீட்டில் இல்லாத முகம்.

"தூக்கு" என்றாள் தமயந்தி, மெதுவாக. "இன்னும். இன்னும்."

சலேத் அதற்கு மேல் பார்க்கவில்லை. கோயிலுக்குத் திரும்பிப் போய் நற்கருணை வாங்கினாள். வீட்டுக்கு வந்தபோது செருப்பு இல்லை.

"யாரும் வந்தாவளா?"

ஒன்பது விநாடி.

"இல்ல" என்றான் பெர்க்மான்ஸ்.

அவள் அவனுக்கு நேரே உட்கார்ந்தாள். பூட்டுப் போட்ட அந்தச் சொல் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். "தமயந்தி" என்றாள். அவன் கண்ணையே பார்த்தாள்.

ஒன்பது விநாடி. அப்புறம்தான் இமை துடித்தது.

அவ்வளவு நிம்மதி அவளுக்குப் பல மாதங்களாகக் கிடைத்ததில்லை. அந்த நிம்மதியோடே ஆப்பைத் திறந்தாள். குரல் 7. மைனஸ் பதினேழு. இறக்கினாள். உறுதியா? உறுதி. பத்தொன்பது.

திங்கள்கிழமை அவன் இருபது விநாடி எடுத்தான். செவ்வாய்க்கிழமை நாற்பது. வியாழக்கிழமை அவள் "சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து, ரசம் ஊற்றி, எதிரில் உட்கார்ந்து மூன்று நிமிடம் காத்திருந்தாள். அவன் கண் அவள் மேல்தான் இருந்தது. கேட்டிருக்கிறான் என்று தெரிந்தது. அசையவில்லை. சில வாரமாக வலது கை விரல்கள் டம்ளரைச் சுற்றி மடங்கத் தொடங்கியிருந்தன. மாதாவுக்கு ஒன்பது வாரம் மெழுகுவர்த்தி ஏற்றியதன் பலன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். இப்போது அந்தக் கை மடியில் துணிபோலக் கிடந்தது.

நூகுவுக்குப் போன் செய்தாள்.

"எதையாவது இறக்குனீங்களாக்கா?"

"மிக்ஸி."

"அப்புறம்?"

நூகு தன் டேப்பில் பார்த்திருக்க வேண்டும். பெருமூச்சு கேட்டது.

"குரல் ஏழ எறக்கிட்டீங்க."

"அவ யாரு எனக்கு முன்னாடி நிக்க?"

"முன்னாடி நிக்கல. கொஞ்சம் கேளுங்க. வெளியேருந்து வர்ற குரல் மட்டும் இல்ல, நினைப்புல வர்ற குரலும் இதே வரிசைலதான் நிக்கும். நீங்க சாப்பிட வாங்கன்னு சொன்னா அவருக்குக் கேக்குது. எந்திரிக்கணும். எந்திரிக்கதுக்கு முன்னாடி உள்ள இருந்து ஒரு குரல் போன்னு சொல்லணும். அது வர்ற வரைக்கும் ஒடம்பு அசையாது. அந்தக் குரல் எதுன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது."

"ஏழா?"

"ஏழுதான். அத நீங்க வால்ல கொண்டு போய் வச்சிட்டீங்க. நம்பர்ல முன்னாடி இருந்தாலும், இப்ப ஒங்க குரல் அது வர்றதுக்காகக் காத்துக் கெடக்குது."

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போகவில்லை. ஏழரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள். தமயந்தி ஒரு அடி பின்னால் போனாள்.

"வாங்க" என்றாள் சலேத். "ஒங்க இடந்தான. உக்காருங்க."

தமயந்தி உட்கார்ந்தாள். குத்தலைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "பெர்க்மான்ஸ்" என்றாள். அவன் திரும்பவில்லை. மீண்டும் கூப்பிட்டாள். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தளத்தில் அப்படித்தான் காத்திருப்பாள் போலிருக்கிறது. ஆறு நிமிடம் ஆயிற்று.

"போன வாரம் கேட்டாவளே" என்றாள்.

"நாந்தான் எறக்குனேன்."

தமயந்தி தலையை ஆட்டினாள். கோபப்படுவாள் என்று சலேத் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"கை தோள் வரைக்கும் தூக்குனாவ. நீங்க பாக்கலியா?"

"எந்தக் கை?"

"வலது."

சலேத் அந்தக் கையைப் பார்த்தாள். முழங்கால் தேய முட்டிபோட்டு மாதாவிடம் கேட்டதை இவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து கொடுத்திருக்கிறாள்.

"நான் வேற ஒண்ணும் பேசல அக்கா. தூக்கு, மெல்ல, இறக்கு. வேலைல சொல்லுததுதான். அன்னைக்கும் நாந்தான் கீழ நின்னேன். பெட்டி அந்தரத்துல நிக்கி. அடியில லாரி, லாரிக்குள்ள டிரைவர். இவிய பேச்சு கொழறுச்சு. நிக்கச் சொன்னேன். நின்னுச்சு. அதுக்கப்புறந்தான் விழுந்தாவ. அந்தக் கைய நான் அங்கன விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு எனக்கு."

"எங்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கலாம்லா?"

"வாசல்ல கால் வைக்கக் கூடாதுன்னீய. இவியதான் ஆள்கிட்டச் சொல்லி அனுப்புனாவ. வா, ஆனா சலேத்துக்குத் தெரிய வேண்டாம்னு."

"ஏனாம்?"

"கேக்கல."

"பதினோரு வருசமா இதத்தான் சொல்லுதீயளோ ரெண்டு பேரும்? கேக்கல, சொல்லல."

"சிக்னல் ஏன்னு கேக்காது அக்கா. இவியளும் கேக்க மாட்டாவ. கேட்டா பெட்டி விழுந்துரும்."

சலேத் நூகுவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். குரல் ஏழை மேலே ஏற்ற எவ்வளவு நாள் என்றாள். ஆறு மாதம் என்றான். அதற்குள் கை மொத்தமாக மறந்துவிடும் என்றாள் தமயந்தி.

"ஒரு வழி இருக்கு" என்றான் நூகு. "ஒங்க அனுமதியே போதும். மிச்சம் இருக்க எல்லாத்தையும் பத்தொம்பதுக்கு எறக்கிடுங்க. எல்லாரும் கடைசின்னா யாரும் கடைசி இல்ல. மாறி மாறி எல்லாருக்கும் முறை வரும். ஏழுக்கும் வரும்."

"எல்லாமே எறக்கியாச்சே."

"நீங்க இருக்கீங்கள்ல."

பட்டியலில் அவள் மட்டும்தான் மேலே இருந்தாள். பதினான்கு. பூட்டுப் போட்ட அந்தச் சொல்லுக்கு அடுத்த இடம். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் இப்போதுதான் அவளுக்கு முன்னால் ஓர் ஆளும் இல்லை.

விரலை வைத்தாள். பதினைந்து. பதினாறு. பதினேழு. பதினெட்டில் நிறுத்தினாள்.

"பதினெட்டு போதாதா தம்பி? ஒரே ஒரு படிதான?"

"ஒரு படி முந்தியிருந்தாலும் முந்துனவங்கதான் முதல்ல போவாங்க. ஒங்க நாக்குக்கு அது போதும்க்கா."

தமயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளோ என்னவோ. சலேத் அவள் பின்கழுத்தைப் பார்த்தாள். வெயிலில் கருத்து, பட்டையாக வெடித்த கழுத்து. அழகில்லை. அது ஒரு உதவியும் செய்யவில்லை.

உறுதியா?

பத்தொன்பது.

"கூப்பிடுங்க" என்றாள்.

"பெர்க்மான்ஸ்" என்றாள் தமயந்தி.

கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம் என்று நினைத்தும் சலேத் பார்த்தாள். பத்தொன்பது விநாடி, இருபது, இருபத்தொன்று.

"சொல்லு" என்றான்.

"வலது கை. தூக்கு."

மடியிலிருந்து கை எழுந்தது. நடுங்கியது. இடுப்பு, விலா, மார்பு. சலேத் இந்த முறை முழுதாகப் பார்த்தாள். மூன்று முறை தூக்கி மூன்று முறை இறக்கினான். பிறகு தமயந்தி எழுந்தாள்.

"நீங்களும் சொல்லிப் பழகுங்க அக்கா. எனக்கு ஞாயிறு மட்டுந்தான் லீவு."

"நான் சொன்னா கேப்பாவளா? தளத்துல எல்லாரும் சிக்னல் சொல்ல முடியுமா?"

"தூக்கு இறக்குல்லாம் ஒரே ஆளுதான் சொல்லணும். ரெண்டு பேரு சொன்னா கொழப்பம்." தமயந்தி செருப்பை மாட்டினாள். "ஸ்டாப் மட்டும் யாரும் சொல்லலாம். தரை கூட்டுதவ சொன்னாலும் கிரேன் நிக்கணும். அதுதான் மொதநாள் பாடம். யாரு சொன்னது, ஏன் சொன்னதுன்னு பாக்கக் கூடாது."

அவள் போனாள். சலேத் வாசலிலேயே நின்றாள். தண்ணீர் லாரி. இட்லி. அந்தரத்தில் நின்ற கை. ஒரு வருடத்தில் அவள் போதும் என்றிருக்கிறாள், விடுங்க என்றிருக்கிறாள், பாத்து என்றிருக்கிறாள். பூட்டுப் போட்ட அந்த ஒரு சொல்லை அவள் சொன்னதே இல்லை.

காப்பி போட்டாள். ஸ்டூலில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அவன் டம்ளரைப் பார்த்தான். இடது கை நகர்ந்தது, பின்வாங்கியது. உள்ளே எதற்கோ காத்திருப்பது தெரிந்தது. அது வந்திருக்க வேண்டும். வலது கை எழுந்து, டம்ளரைச் சுற்றி விரல்கள் மடங்கி, மெல்ல உதட்டை நோக்கிப் போயிற்று. அவன் முகத்தில் ஒரு வெட்கமான பெருமை இருந்தது. அது யாருக்காக என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஸ்டாப்" என்றாள் சலேத்.

கை நின்றது. காப்பி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதே நொடியில் அவன் கண் அவள் மேல் வந்து விழுந்தது. கூண்டிலிருந்து கீழே பார்க்கும் முகம்.

அவள் கிட்டே வந்தாள்.

"அவ வாறது எனக்குத் தெரியக் கூடாதுன்னு ஏங்க சொன்னீய?"